பேசாலைக்கும் பொட்டிப்புரத்துக்கும் நடுவே: திணிவு, கலப்பு, சமச்சீர்மை முறிவு

மன்னார்த் தீவின் பேசாலையில் இருந்து தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். யப்பானின் கிழக்குக் கரையில் இருக்கும் டோக்காயில் இருந்து மலைகளுக்கு நடுவே இருக்கும் கமியோக்காவும் 295 கிலோமீற்றர்தான். டோக்காயில் துணிக்கை முடுக்கி ஒன்று நியூத்திரினோ என்ற நுண்துணிக்கைகளை உண்டாக்கி நிலத்துக்குள்ளாகக் கமியோக்காவுக்கு அனுப்புகிறது. அங்கே ஒரு கிலோமீற்றர் பாறைக்குக் கீழே, 50,000 தொன் தண்ணீர் நிறைந்த தொட்டி அவற்றில் மிகச் சிலவற்றைப் பிடிக்கிறது. அதே அளவு கோட்டைப் பேசாலையில் தொடங்கி இழுத்துப் பாருங்கள். பாக்கு நீரிணைக்கும் இராமேசுவரத் தீவுக்கும் அடியால் போய், இராமநாதபுரத்தை ஒட்டி, நடுவழியில் பரமக்குடிக்குக் கீழே ஏறத்தாழ 1.7 கிலோமீற்றர் ஆழத்தைத் தொட்டு, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் வெளியே வரும்.

இங்கே முடுக்கி இல்லை. ஆனால் நியூத்திரினோவுக்குக் குறைவும் இல்லை. விண்ணில் இருந்து வரும் கதிர்கள் மன்னார் வானத்தின் உயரத்தில் காற்றணுக்களோடு மோதும்போதெல்லாம் நியூத்திரினோக்கள் பிறக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி அடிவானத்தை ஒட்டியபடி தேனி மலையை ஊடுருவிப் போகிறது. பொட்டிப்புரத்தில் அமையவிருந்த இந்திய நியூத்திரினோ ஆய்வுகூடம் வானில் பிறக்கும் இந்த நியூத்திரினோக்களைத்தான் அளக்க இருந்தது. அதிலும் முக்கியமாக, பூமியின் மறுபக்கத்தில் பிறந்து கீழிருந்து மேலே வருகிறவற்றை. அந்த ஆய்வுகூடம் இன்னும் கட்டப்படவில்லை. அது எதைத் தேட இருந்தது, அந்தத் தேடலில் நம்மவர்களின் கை எங்கெங்கே பட்டிருக்கிறது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மணலில் இருந்து தொடங்கலாம். மன்னார்த் தீவின் மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன், கார்னெட் ஆகிய கனிமங்கள் உண்டு. அவற்றில் சிர்கோன் தன் பளிங்குக்குள் சிறிதளவு யுரேனியத்தையும் தோரியத்தையும் பூட்டி வைத்திருக்கும் இயல்புடையது. ஒரு தோரியம் அணு படிப்படியாகத் தேய்ந்து ஈயமாக மாறி முடியும்வரை ஆறு அல்பாத் துணிக்கைகளையும் நான்கு பீற்றாத் துணிக்கைகளையும் வெளிவிடும். ஒவ்வொரு பீற்றாவோடும் ஓர் எதிர்நியூத்திரினோ சேர்ந்து புறப்படும். கைப்பிடி மணலில் இருந்து அது கிளம்பினால் கையையும் துளைக்கும், தீவையும் துளைக்கும், பூமியையும் துளைக்கும். எதையும் தொடாமலே போய்விடும். சூரியனில் இருந்து வருகிற நியூத்திரினோக்களோ ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஒரு செக்கனுக்கு 6,500 கோடி என்ற கணக்கில் நம்மைக் கடந்துகொண்டிருக்கின்றன; பகலில் தலைவழியே, இரவில் கால்வழியே.

இந்தத் துணிக்கையின் வரலாற்றில் இலங்கைக்கு ஓர் இடம் உண்டு. 1904இல் சபரகமுவவின் இரத்தினக்கல் படிவுகளில் இருந்து வந்த பாரமான கறுப்புக் கனிமம் ஒன்று தோரியனைற் என்ற பெயரில் உலகுக்கு அறிமுகமானது. அதன் கண்டுபிடிப்போடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றறிஞராகவே நாம் அறிந்த அவர் அப்போது இலங்கைக் கனிம அளவைத் துறையின் இயக்குநர். அந்தக் கனிமம் இலண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்குப் போனது. அங்கே வேலை பழக வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற இளம் யேர்மன் வேதியியலர் அதில் இருந்து ரேடியோதோரியம் என்ற புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைப் பிரித்தெடுத்தார். ஹானுக்கு முதற் புகழ் அதனால்தான் வந்தது. பிறகு அவர் பேர்லினுக்குப் போனார். 1907இல் லீசே மைற்னர் அங்கே அவரோடு சேர்ந்தார். இருவரும் பீற்றாக் கதிர்களின் சக்தியை அளப்பதில் ஆண்டுக்கணக்கில் இறங்கினார்கள். ஒரு பொருள் வெளிவிடும் பீற்றாக்கள் எல்லாம் ஒரே சக்தியோடு வர வேண்டும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. 1914இல் அதே பேர்லினில் ஜேம்ஸ் சட்விக் அது அப்படி இல்லை என்று காட்டினார். பீற்றாக்கள் சிறிய சக்தியில் இருந்து பெரிய சக்தி வரை தொடர்ச்சியாகப் பரவி வந்தன. மிகுதிச் சக்தி எங்கே போனது என்பதற்கு 16 ஆண்டுகள் விடை இல்லை. 1930 டிசெம்பரில் வூல்ப்காங் பவுலி, கண்ணில் படாத ஏற்றமற்ற துணிக்கை ஒன்று அதைக் கொண்டுபோகிறது என்று எழுதினார். அந்தத் துணிக்கையை ரைன்ஸும் கோவனும் அணு உலை ஒன்றின் அருகே பிடித்தது 1956இல்.

சபரகமுவக் கனிமம் இல்லாவிட்டாலும் நியூத்திரினோ கண்டுபிடிக்கப்பட்டிருக்கும். ஆனால் நடந்த வரலாறு இந்த வழியால்தான் நடந்தது. நம்முடைய பாடப்புத்தகங்களில் குமாரசுவாமியின் இந்த முகத்துக்கு இரண்டு வரியாவது ஒதுக்கலாம்.

இனி மையக் கேள்வி. பொருளை ஆக்கும் அடிப்படைத் துணிக்கைகள் மூன்று குடும்பங்களாக வருகின்றன. குவார்க்குகளில் அப், டவுன் ஒரு குடும்பம்; சார்ம், ஸ்ட்ரேஞ்ச் இன்னொன்று; டொப், பொட்டம் மூன்றாவது. இலத்திரன், மியூவன், டௌ ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொரு நியூத்திரினோ துணை. திணிவைத் தவிர இந்தக் குடும்பங்களுக்கு இடையே வேறு வேறுபாடு கிடையாது. அந்தத் திணிவுகளோ எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாதவை போலக் கிடக்கின்றன. மில்லியன் இலத்திரன்வோல்ற்று அலகில் அப் 2.2, டவுன் 4.7, ஸ்ட்ரேஞ்ச் 93.5, சார்ம் 1,270, பொட்டம் 4,180, டொப் ஏறத்தாழ 172,500. அப்பைவிட டொப் எண்பதாயிரம் மடங்குக்குக் கிட்ட பாரம். ஏன் என்று எந்தக் கோட்பாடும் சொல்லவில்லை. அளந்து எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான்.

மெல்விசை ஒரு குவார்க்கை இன்னொன்றாக மாற்றும்போது குடும்ப எல்லையை முழுதாக மதிப்பதில்லை. அப், பெரும்பாலும் டவுனோடு உறவாடும். சில வேளை ஸ்ட்ரேஞ்சோடும் உறவாடும். இந்தக் கசிவின் அளவை 1963இல் நிக்கோலா கபிபோ ஒரு கோணமாக எழுதினார். அதன் இன்றைய மதிப்பு 13 பாகை. அதன் சைன் 0.225. இங்கே வாசகர் தாமே செய்து பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. டவுனின் திணிவு 4.7ஐ ஸ்ட்ரேஞ்சின் திணிவு 93.5ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 0.224 வரும். திணிவுகள் ஒரு வகைச் சோதனையில் இருந்து வந்தவை. கலப்புக் கோணம் முற்றிலும் வேறு சோதனையில் இருந்து வந்தது. இரண்டும் இப்படி வந்து பொருந்துவதை 1968 முதலே அறிஞர்கள் கவனித்திருக்கிறார்கள். இது தற்செயலா, திணிவும் கலப்பும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்பதன் தடயமா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. தடயம் என்றே எனக்குப் படுகிறது. திணிவுக்கும் கலப்புக்கும் தொடர்பில்லை என்றால் இந்த எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் இதே சூத்திரம் மற்றக் கோணங்களுக்கு இவ்வளவு அழகாகக் கைகொடுப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கலப்பு வெறும் கோணங்களோடு நின்றிருந்தால் இந்தத் துறை இத்தனை ஆழம் கொண்டிருக்காது. 1964இல் புரூக்ஹேவனில் குரோனினும் ஃபிச்சும் நடுநிலைக் கேயோன் என்ற துணிக்கைகளின் தேய்வைப் பார்த்தார்கள். நீண்ட ஆயுள் கொண்ட கேயோன் மூன்று பயோன்களாகத் தேயலாம், இரண்டாகத் தேயக்கூடாது. தேய்ந்தால் துணிக்கையை எதிர்த்துணிக்கையாக மாற்றி ஆடிப் பிம்பமும் ஆக்கினால் இயற்கை அப்படியே இருக்கும் என்ற விதி உடைந்துவிடும். சி.பி. சமச்சீர்மை என்பது இந்த விதிதான். அவர்கள் பதிவு செய்த 22,700 அளவிலான தேய்வுகளில் 45 அளவில் இரண்டு பயோன்களாகவே முடிந்தன. ஆயிரத்துக்கு இரண்டு. இயற்கை பொருளையும் எதிர்ப்பொருளையும் ஒரே தராசில் வைக்கவில்லை என்பதற்கு அதுவே முதற் சான்று.

1973இல் கொபயாஷியும் மஸ்காவாவும் இதற்குக் கொடுத்த விளக்கம், நான் அறிந்த இயற்பியல் வாதங்களில் மிகத் தூய்மையானவற்றுள் ஒன்று. கலப்பை ஒரு தாயமாக எழுதுங்கள். அதன் உறுப்புகள் சிக்கலெண்களாக இருக்கலாம். இரண்டு குடும்பங்கள் மட்டும் இருந்தால், துணிக்கைகளின் அவத்தைகளை மாற்றி வரையறுத்து எல்லா உறுப்புகளையும் மெய்யெண்களாக்கிவிடலாம். மூன்று குடும்பங்கள் இருந்தால் என்ன செய்தாலும் ஓர் அவத்தை மிஞ்சும். அந்த மிச்சமே சி.பி. முறிவு. அவர்கள் இதை எழுதியபோது கண்டறியப்பட்டிருந்த குவார்க்குகள் மூன்றே மூன்று. சார்ம் 1974இல் வந்தது, பொட்டம் 1977இல், டொப் 1995இல். 2001இல் யப்பானின் பெல், அமெரிக்காவின் பாபார் ஆகிய சோதனைகள் பொட்டம் குவார்க்கு அடங்கிய மீசன்களில் சி.பி. முறிவை அளந்தன; ஏழு ஆண்டுகள் கழித்துக் கொபயாஷிக்கும் மஸ்காவாவுக்கும் நோபெல் கிடைத்தது. 2025இல் சேர்ன் ஆய்வுகூடத்தின் எல்.எச்.சி.பி. குழு அதைப் பாரியோன் துணிக்கைகளிலும் கண்டது.

இத்தனைக்கும் பிறகும் பெரிய கணக்கு ஒன்று நேராகவில்லை. பிரபஞ்சத்தில் ஆயிரம் கோடி ஒளித்துணிக்கைகளுக்கு ஆறு என்ற அளவில் பொருள் மிஞ்சியிருக்கிறது. எதிர்ப்பொருளோடு சேர்ந்து அழியாமல் அது மிஞ்ச சி.பி. முறிவு வேண்டும் என்று 1967இலேயே சாகரொவ் காட்டினார். குவார்க்குகளின் கலப்பில் கிடைக்கும் முறிவின் அளவு ஓர் இலட்சத்துக்கு மூன்று. பார்வைக்குப் பெரிதாகத் தோன்றினாலும் அந்த ஆறு மிஞ்ச அது போதவே போதாது. அதனால்தான் எல்லாருடைய பார்வையும் நியூத்திரினோ பக்கம் திரும்பியது.

அங்கே நம்முடைய கதை மறுபடி தொடர்கிறது. 1965இல் கோலார் தங்கவயலில், நிலத்துக்கு இரண்டு கிலோமீற்றருக்கும் கீழே, டாடா ஆய்வு நிறுவனமும் ஒசாக்கா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வைத்த உணரிகள் வானில் பிறந்த நியூத்திரினோவின் தடயத்தைப் பதிந்தன; அப்படிப் பதிந்ததாக உலகில் முதலில் வெளியான கட்டுரை அவர்களுடையது. தென்னாபிரிக்கச் சுரங்கம் ஒன்றில் அதே வேலையில் இருந்த ரைன்ஸின் குழுவின் கட்டுரை சில வாரங்கள் பின்னால் வந்தது. மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம், மியாக்கே, வூல்ஃபெண்டேல் என்று கோலார்க் கட்டுரையில் அறிஞர்களின் பெயர்கள் இருக்கின்றன. அந்த ஆழத்தை ஆண்டாண்டாகத் தோண்டியவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காட்டில் இருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள். தலைமன்னாரில் இறங்கி மலையகம் நோக்கி நடந்தவர்களைப் போலவே வறுமை விரட்டி ஊர்விட்டுப் போனவர்கள் அவர்கள். ஆய்வு வரலாற்றில் அவர்களுக்குப் பெயர் இல்லை.

வானில் பிறக்கும் நியூத்திரினோக்கள் வழியிலேயே ஒரு வகையில் இருந்து இன்னொரு வகைக்கு மாறுகின்றன என்பதை 1998இல் கமியோக்காவின் பெருந்தொட்டி காட்டியது. சூரிய நியூத்திரினோக்களும் அப்படியே என்பதைக் கனடாவின் சட்பரி ஆய்வுகூடம் 2001, 2002இல் உறுதி செய்தது. மாறுகிறது என்றால் திணிவு உண்டு என்று பொருள். தம்புராவின் இரண்டு தந்திகளைக் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் கூட்டினால் நாதம் எழுந்தும் அடங்கியும் அலைகிறதல்லவா? மியூவன் நியூத்திரினோ என்பதும் வெவ்வேறு திணிவுள்ள நிலைகள் சேர்ந்த நாதம். ஓடும் வழியில் அவற்றின் அவத்தைகள் விலகுவதால் அது இலத்திரன் நியூத்திரினோவாகவோ டௌ நியூத்திரினோவாகவோ கேட்கத் தொடங்குகிறது. அலையும் நாதத்தில் இருந்து தந்திகளின் சுருதி வேறுபாடு தெரியும், சுருதி தெரியாது. அதனால் இந்தச் சோதனைகள் திணிவு வர்க்கங்களின் வித்தியாசத்தையே தருகின்றன, திணிவைத் தருவதில்லை. 60 கோடி இலத்திரன்வோல்ற்று சக்தியுள்ள நியூத்திரினோ இப்படி முழுமையாக மாற எடுக்கும் தூரம் 300 கிலோமீற்றருக்குக் கிட்ட. டோக்காய்க்கும் கமியோக்காவுக்கும் இடையே உள்ள தூரத்துக்குக் கற்றையின் சக்தியைப் பொருத்தி வைத்தது அதனால்தான். திணிவை நேரடியாக அளக்கும் யேர்மனியின் கற்ரின் சோதனை 0.45 இலத்திரன்வோல்ற்றுக்குக் கீழ் என்று மேலெல்லை வைத்திருக்கிறது. இலத்திரனின் திணிவு 511,000.

திகைக்க வைப்பது கோணங்கள்தான். குவார்க்குகளுக்கு 13, 2.4, 0.2 பாகை. நியூத்திரினோக்களுக்கு 33, ஏறத்தாழ 45 முதல் 49, 8.5 பாகை. அங்கே குடும்பங்கள் மெல்லக் கசிகின்றன. இங்கே ஒன்றோடொன்று கரைந்தே கிடக்கின்றன. ஒரே இயற்கை, ஒரே மெல்விசை. இரண்டு வேறு ஒழுங்குகள்.

இந்தக் கேள்வியைச் சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்தபடி நேருக்கு நேர் எடுத்தவர் ஜி. இராஜசேகரன். 2001இல் ஏர்னஸ்ட் மா என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, நான்முகியின் சுழற்சிகளால் ஆன பன்னிரண்டு உறுப்புக் குலத்தை மூன்று குடும்பங்களின் மறைந்த சமச்சீர்மையாக எடுத்துக்கொண்டது. மூன்று பொருள்களை ஒன்றாகக் கட்டிவைக்க முடிகிற மிகச் சிறிய குலம் அது. கட்டுரை வந்த சில ஆண்டுகளில் அந்தக் குலம் உலகெங்கும் நூற்றுக்கணக்கான ஆய்வுகளுக்கு அடித்தளமானது. 2004இல் மொகபத்ரா, பரிடா ஆகியோரோடு சேர்ந்து வேறொரு வழியையும் பார்த்தார்: மிக உயர்ந்த சக்தியில் குவார்க் கலப்பும் நியூத்திரினோ கலப்பும் ஒன்றே; கீழிறங்கி வரும்போது நியூத்திரினோவின் கோணங்கள் மட்டும் பெருத்துவிடுகின்றன. அதற்கு மூன்று நியூத்திரினோக்களின் திணிவும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். வானியல் அளவீடுகள் மூன்றின் கூட்டுத் திணிவையே 0.12 இலத்திரன்வோல்ற்றுக்குள் அடக்குவதால் அந்த வழி இன்று மிக ஒடுங்கிவிட்டது.

நான்முகிக் குலத்தை வைத்துப் பின்னால் வந்தவர்கள் கட்டிய மிக அழகான மாதிரி, மூன்றாவது கோணம் பூச்சியம் என்றது. 2012 மார்ச்சில் சீனாவின் டாயா பே சோதனை அது பூச்சியம் இல்லை, எட்டுப் பாகைக்கு மேல் என்று அளந்தது. மாதிரி அந்த வடிவில் விழுந்தது. ஆனால் அந்த அளவீடு பெரிய கதவு ஒன்றையும் திறந்தது. மூன்றாவது கோணம் பூச்சியமாக இருந்திருந்தால் நியூத்திரினோ மாற்றத்தில் சி.பி. முறிவைக் காணவே வழி இருந்திருக்காது. இப்போது அந்த முறிவின் அளவு நூற்றுக்கு மூன்று வரை போகலாம். குவார்க்கில் உள்ளதைவிட ஆயிரம் மடங்கு.

டோக்காய்க் கற்றை 2020இல் வெளியிட்ட கணக்கில் நியூத்திரினோவாக அனுப்பியபோது 90 இலத்திரன் வகை நிகழ்வுகள், எதிர்நியூத்திரினோவாக அனுப்பியபோது 15. எதிர்நியூத்திரினோ இயல்பாகவே குறைவாகத்தான் மோதும் என்பதைக் கழித்தாலும், பொருள் பக்கம் சாய்வு இருக்கும் சாயலே தெரிந்தது. அமெரிக்காவின் நோவா சோதனை அதோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. எந்த நியூத்திரினோ மிகப் பாரம் என்ற திணிவு வரிசை தெரியாமல் இரண்டையும் தீர்த்துச் சொல்ல முடியாது. அந்த வரிசையைக் கண்டுபிடிக்கத்தான் பொட்டிப்புரத்தின் 50,000 தொன் காந்தமூட்டிய இரும்பு திட்டமிடப்பட்டது. காந்தப்புலம் நேர் மியூவனை ஒரு பக்கமும் மறை மியூவனை மறுபக்கமும் வளைக்கும். அதனால் வந்தது நியூத்திரினோவா எதிர்நியூத்திரினோவா என்று தனித்தனியே எண்ணலாம். தண்ணீர்த் தொட்டியால் அது முடியாது.

2015 ஜனவரியில் இந்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. செலவு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். அதன் பிறகு பசுமைத் தீர்ப்பாயம், வழக்குகள், 2022 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசின் எதிர்ப்பு. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறுக்கும் இடையே புலிகள் போகும் வழி அது என்பது அரசின் வாதம். அந்த வாதத்தைத் தள்ளிவிடக்கூடாது. மன்னார் மக்கள் 2025இல் காற்றாலைக்கும் இல்மனைட் அகழ்வுக்கும் எதிராக வீதியில் இறங்கியதை அறிந்தவர்களுக்கு, தங்கள் நிலத்தைப் பற்றிய முடிவைப் பிறர் எடுக்கும்போது ஊர் எப்படி உணரும் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மலையைக் குடைவது, தண்ணீர், காடு ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு விஞ்ஞானிகள் ஊர்மக்களோடு உட்கார்ந்து தமிழில், பொறுமையாக, ஆவணத்தோடு பதில் சொல்ல வேண்டியிருந்தது. அது போதிய அளவு நடக்கவில்லை என்பது என் எண்ணம். நியூத்திரினோ கதிர்வீச்சாகி ஊரை அழிக்கும் என்ற அச்சமோ உண்மைக்குப் புறம்பானது. ஆய்வுகூடம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அதே நியூத்திரினோக்கள்தான் அதே எண்ணிக்கையில் ஊரைக் கடக்கும்.

இதற்குள் சீனாவின் ஜூனோ உணரி 2025 ஓகஸ்ற்றில் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. யப்பானில் இன்னும் பெரிய தொட்டி கட்டப்படுகிறது. அமெரிக்காவில் 1,300 கிலோமீற்றர் நீளக் கற்றை திட்டமிடப்பட்டிருக்கிறது. மதுரையில் 85 தொன் மாதிரி உணரி ஒன்று இருக்கிறது. திணிவு வரிசையை முதலில் சொல்லும் பெருமை பொட்டிப்புரத்துக்கு இனிக் கிடைப்பது கடினம். என்றாலும் வேறு முறையால், வேறு இடத்தில் இருந்து வரும் இரண்டாவது சாட்சிக்கு இந்தத் துறையில் எப்போதும் மதிப்பு உண்டு. மக்களின் ஒப்புதலோடும் காட்டுக்குக் கேடில்லாத இடத்திலும் அதைக் கட்ட இன்னும் காலம் இருக்கிறது.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உயர்தர வகுப்பில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் கற்பிக்கிற ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சிக்கலெண் பாடம் முடிகிற அன்று, கொபயாஷியும் மஸ்காவாவும் போட்ட கணக்கைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு குடும்பத்தில் அவத்தை மறைவதையும் மூன்றில் மிஞ்சுவதையும் அவர்களே தாளில் செய்து பார்க்கட்டும். துணிக்கைகளின் திணிவும் கோணமும் இணையத்தில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. 4.7ஐ 93.5ஆல் வகுப்பதற்கு முடுக்கி வேண்டியதில்லை.